கிரியாட்டினின் மட்டும் பார்த்த ஒன்பது ஆண்டுகள்

2022 மார்ச் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, அயனாவரத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, அப்போது நான்காம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த என் மகனுக்குக் கழித்தல் கணக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். 503-இலிருந்து 267-ஐக் கழிக்க வேண்டும். ஒன்றாம் இடத்தில் 3-இலிருந்து 7 போகாது, பக்கத்தில் பூஜ்யம் இருப்பதால் அதற்கும் அடுத்த வீட்டில்தான் கடன் வாங்க வேண்டும் என்பதை அவனே வாய்விட்டுச் சொன்னான். 13-இல் 7 போனால் 6, 9-இல் 6 போனால் 3 என்று சரியாக எழுதிக்கொண்டே வந்தவன், நூறாம் இடத்துக்கு வந்ததும் 5-இல் 2 போனால் 3 என்று எழுதி, 336 என்று முடித்தான். கடன் கொடுத்த 5 இப்போது 4 ஆகிவிட்டது என்பது அரை நிமிடத்துக்குள் அவன் நினைவிலிருந்து நழுவியிருந்தது. அடுத்த கணக்கிலும் அதே இடத்தில் அதே பிழை, அதற்கடுத்ததிலும் அதே பிழை. நான்காவது கணக்கில் நான் பென்சிலைப் பிடுங்கி எறிந்தேன்.

நான் அரசுத் தொடக்கப்பள்ளி ஒன்றில் இடைநிலை ஆசிரியை. அந்த ஆண்டு ஜூன் மாதத்தில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்துக்காக எங்களுக்குப் பயிற்சி அளித்தார்கள். பிள்ளைகளை அவர்களுடைய கற்றல் நிலைக்கு ஏற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து, எந்தப் பிள்ளை எந்த இடத்தில் தடுமாறுகிறது என்று பார்த்து அங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதுதான் அதன் சாரம். மற்றவர்கள் பெற்ற பிள்ளைகளுக்கு அதை ஒழுங்காகவே செய்தேன். என் பிள்ளையை மட்டும், பிறவியிலேயே சிறுநீரக நோயுள்ளவன் என்று தெரிந்திருந்தும், ‘கவனமில்லாதவன், சோம்பேறி’ என்ற ஒரே பெட்டியில் போட்டு மூடிவைத்திருந்தேன். ஊருக்குத்தான் உபதேசம் என்பார்கள். என் விஷயத்தில் அது அப்படியே நடந்தது.

அவன் 2012 ஆகஸ்டில் பிறந்தான். ஏழாம் மாத ஸ்கேனிலேயே இரண்டு சிறுநீரகங்களும் வீங்கியிருப்பது தெரிந்துவிட்டது. ஆண் குழந்தைகளில் மட்டும் வரும் குறைபாடு அது. சிறுநீர்ப்பாதையின் பின்பகுதியில் மெல்லிய சவ்வு ஒன்று வால்வுபோல் வளர்ந்து சிறுநீரை அடைத்துக்கொள்கிறது, தேங்கிய சிறுநீரின் அழுத்தம் கருவிலேயே சிறுநீரகத்தைக் கெடுத்துவிடுகிறது. பிறந்த இரண்டு வாரத்துக்குள் குழாய்க் கருவியை உள்ளே செலுத்தி அந்தச் சவ்வை அகற்றினார்கள். அடைப்பு போனது, ஆனால் அதற்குள் ஏற்பட்டிருந்த சேதம் போகவில்லை. பெரியவர்களுக்குச் சிறுநீரகம் கெடுவதற்குச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் முக்கியக் காரணங்கள் என்றால், சிறு பிள்ளைகளில் இப்படிப்பட்ட பிறவிக் கோளாறுகளே முன்னால் நிற்கின்றன.

முதல் இரண்டு ஆண்டுகள் அவனைச் சாப்பிடவைப்பதற்குள் எங்களுக்கு உயிர் போய்விடும். குடித்த பால் பாதி வாந்தியாக வெளியே வரும். சில மாதங்கள் மூக்கு வழியாகக் குழாய் வைத்துத்தான் ஊட்டினோம். பதினெட்டாவது மாதத்தில்தான் நடந்தான். இரண்டு வயது தாண்டியும் சொற்களைச் சேர்த்துப் பேசவில்லை. உடம்புக்கு முடியாத பிள்ளை, மெதுவாகத்தான் வருவான் என்று எல்லோரும் சொன்னார்கள், நாங்களும் அப்படியே நினைத்தோம். மூளை மிக வேகமாக வளர்வது முதல் மூன்று ஆண்டுகளில்தான். அந்தக் காலத்தில் ஊட்டம் குறைவதும், சிறுநீரகம் வெளியேற்றத் தவறிய கழிவு ரத்தத்தில் தேங்குவதும் அந்த வளர்ச்சியைப் பாதிக்கக்கூடும். இதை நான் பத்து ஆண்டுகள் கழித்துத் தெரிந்துகொண்டேன். அப்போதே தெரிந்திருந்தால், எடையையும் உயரத்தையும் குறித்தது போலத் தலைச் சுற்றளவையும், எப்போது உட்கார்ந்தான், எப்போது சைகை காட்டினான், எப்போது முதல் சொல் சொன்னான் என்பதையும் ஒரு நோட்டில் குறித்துவைத்திருப்பேன். பிறந்தது முதல் பதினெட்டு வயது வரையுள்ள பிள்ளைகளுக்காக 2013 முதல் நடந்துவரும் தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ், மாவட்டந்தோறும் ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் அமைக்கப்பட்டன; வளர்ச்சியில் தாமதம் உள்ள குழந்தைகளை அங்கே பரிசோதித்துப் பயிற்சி தருகிறார்கள். அதையும் என் பள்ளிக்கு வந்த மருத்துவக் குழுவிடமிருந்துதான் கேள்விப்பட்டேன். அதற்குள் அவனுக்கு ஏழு வயது.

எங்களிடம் ஒரு நீல நிறக் கோப்பு உண்டு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுக்கும் ரத்தப் பரிசோதனைத் தாள்கள் தேதி வரிசையில் அதில் இருக்கும். டாக்டர் முதலில் கிரியாட்டினினை, அதாவது சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்ற வேண்டிய ஒரு கழிவு ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்பதைப் பார்ப்பார், பிறகு அவனைச் சுவரோரம் நிற்கவைத்து உயரம் அளப்பார். உயரம் எதற்கு என்று எனக்கு வெகுநாள் புரியவில்லை. பிள்ளைகளின் சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்பதை மதிப்பிட, உயரத்தைச் சென்டிமீட்டரில் எடுத்து 0.413 ஆல் பெருக்கிக் கிரியாட்டினினால் வகுக்கிறார்கள். பத்து வயதில் அவன் 125 சென்டிமீட்டர், கிரியாட்டினின் 1.5, கணக்குப் போட்டால் 34 வரும். அறுபதுக்குக் கீழே முப்பது வரை இருந்தால் சிறுநீரக நோயின் மூன்றாம் நிலை. டயாலிசிஸ் தேவைப்படுவதற்கு இன்னும் தூரம் இருக்கிறது என்று டாக்டர் சொல்லும்போதெல்லாம் வீட்டுக்கு வரும் வழியில் இட்லி வாங்கிக் கொண்டாடினோம். அந்தக் கோப்பில் அவனுடைய படிப்பைப் பற்றி ஒரு தாள்கூட இல்லை.

நாங்கள் இதைத் தவறவிட்டதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள், அவன் வகுப்புக்கு 2021 நவம்பரில்தான் திறந்தன. எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் வாய்ப்பாடு மறந்திருந்தது, எழுத்து கோணியிருந்தது. என் வகுப்பிலும் அதுதான் நிலைமை என்பதால், இவனுக்கும் அதுதான் காரணம் என்று முடிவு கட்டினேன். நான்கு மாதங்களில் என் வகுப்புப் பிள்ளைகள் மெல்ல மெல்ல ஏறி வந்தார்கள். இவன் நின்ற இடத்திலேயே நின்றான்.

கண் திறந்தது மருத்துவமனைப் பெஞ்சில். கும்மிடிப்பூண்டிப் பக்கமிருந்து வரும் ஒரு பெண், சிறுநீரக நோயுள்ள தன் மகளுக்காகக் காத்திருந்தவர், பேச்சுவாக்கில் கேட்டார்: “அக்கா, மூணு சாமான் வாங்கிட்டு வான்னு அனுப்பிச்சா, ஒண்ணை மட்டும் வாங்கிட்டு வந்து மீதிச் சில்லறையோட நிப்பானா உங்க பையன்? எம்பொண்ணு அப்படித்தான் நிக்குது.” முந்தின நாள்தான் பாலும் கொத்தமல்லியும் தாத்தாவுக்கு மாத்திரை அட்டையும் வாங்கி வரச் சொல்லி, அவன் பாலோடு மட்டும் வந்து நின்று என்னிடம் திட்டு வாங்கியிருந்தான். இரண்டு வீட்டிலும் ஒரே மாதிரிச் சோம்பேறிப் பிள்ளைகள் பிறந்திருக்க முடியாது என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

சிறுநீரக நோய்க்கும் இந்த மறதிக்கும் தொடர்பு உண்டா என்று டாக்டரிடம் கேட்டேன். அதற்கு முன்பு வேறோர் இடத்தில் இதையே கேட்டபோது, அடிக்கடி லீவு போடுகிறான் அல்லவா, அதனால்தான் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். இந்த டாக்டர் நாற்காலியை நகர்த்தி என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். வட அமெரிக்காவில் 2005 முதல் சிறுநீரக நோயுள்ள பிள்ளைகளை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்துவரும் ஒரு பெரிய கூட்டாய்வு இருக்கிறது என்றும், அதில் டயாலிசிஸ் வரை போகாத, ஆறு முதல் பதினாறு வயதுக்குட்பட்ட 368 பிள்ளைகளைச் சோதித்து 2011-இல் வெளியிட்டார்கள் என்றும் சொன்னார். பெரும்பாலான பிள்ளைகளின் அறிவுத்திறன் சராசரி எல்லைக்குள்தான் இருந்தது. ஆனால் அறிவுத்திறன், படிப்பு, கவனம், திட்டமிட்டுச் செயல்படும் திறன் ஆகியவற்றை அளந்தபோது, 21 முதல் 40 சதவீதம் வரையிலான பிள்ளைகள் சராசரியிலிருந்து கணிசமாகக் கீழே இருந்தார்கள். சிறுநீரில் புரதம் அதிகமாக வெளியேறிய பிள்ளைகள் மொழித்திறனிலும் கவனத்திலும் பின்தங்கினார்கள். வடிகட்டும் திறன் குறையக் குறையத் திட்டமிடும் திறனில் சிக்கல் வரும் வாய்ப்பு கூடியது.

அதாவது, இந்தப் பிள்ளைகள் மந்தமானவர்கள் அல்லர். கேட்டதைச் சற்று நேரம் மனத்தில் பிடித்துவைத்துக்கொண்டே இன்னொன்றைச் செய்வது, ஒன்றை முடித்து அடுத்ததற்குத் தாவுவது, இடையில் கவனம் சிதறாமல் இருப்பது ஆகிய இடங்களில்தான் அவர்களுக்கு வழுக்குகிறது. 336 என்ற அந்த விடை என் கண் முன்னே வந்து நின்றது. அவனுக்குக் கழித்தல் தெரியும். கடன் கொடுத்ததை நினைவில் வைத்திருக்கும் அந்த அரை நிமிடம்தான் அவனிடம் இல்லை.

உடனே உளவியல் பரிசோதனைக்கு அழைத்துப் போக வேண்டும் என்று பரபரத்தேன். டாக்டர் தடுத்தார். “டெஸ்ட் பண்றதுக்கு முன்னாடி ரத்தத்தைச் சரி பண்ணுவோம்மா” என்றார். அப்போது அவனுடைய ஹீமோகுளோபின் 8.4 தான், மிகவும் குறைவு. சிறுநீரகம் கெட்டால் ரத்தம் உற்பத்தியாவதற்குத் தேவையான எரித்ரோபாய்ட்டின் என்ற ஹார்மோன் குறைந்துவிடுகிறது. அதை ஊசியாகப் போட வேண்டியிருக்கிறது, இரும்புச் சத்தும் சேர்த்துக் கொடுத்தால்தான் ஊசி வேலை செய்யும். 8.4-இல் ஒரு பிள்ளையை உட்காரவைத்துச் சோதித்தால், அவனுடைய சோர்வை அளந்ததாகவே ஆகும். ரத்தத்தில் அமிலத்தன்மை ஏறியிருந்தாலும் பிள்ளை துவண்டுவிடும், வளர்த்தியும் தடைப்படும் என்பதால் அமிலத்தைத் தணிக்கும் சோடியம் பைகார்பனேட் மாத்திரையின் அளவையும் மாற்றினார். பரிசோதனைத் தாளில் பைகார்பனேட் 22-க்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார். மூன்று மாதம் கழித்து ஹீமோகுளோபின் 11-ஐத் தொட்டது. காலையில் எழுப்பியவுடன் மறுபடியும் சுவரில் சாய்ந்து தூங்கும் பழக்கம் அதோடு போனது.

இன்னொன்றையும் அப்போதுதான் கண்டுபிடித்தோம். மருத்துவமனையில் பார்க்கும்போதெல்லாம் அவனுக்குப் பிரஷர் சரியாகவே இருந்தது. 24 மணி நேரமும் கையில் கட்டியிருக்கும் கருவியை ஒரு நாள் மாட்டி அனுப்பினார்கள். அது இருபது முப்பது நிமிடத்துக்கு ஒருமுறை உறுமிக்கொண்டு கையை இறுக்கும். அவன் அதற்கு ‘பாம்பு’ என்று பெயர் வைத்து, இரவெல்லாம் புரண்டுகொண்டே இருந்தான். தூக்கத்தில் பிரஷர் பகலைவிடப் பத்து சதவீதமாவது இறங்க வேண்டுமாம். அவனுக்கு இறங்கவே இல்லை. சிறுநீரக நோயுள்ள பிள்ளைகளில் கணிசமானவர்களுக்கு இப்படி மருத்துவமனையில் ஒளிந்துகொண்டு வீட்டில் தலைகாட்டும் ரத்த அழுத்தம் இருக்கிறது. ரத்த அழுத்தம் ஏறிய பிள்ளைகள் அறிவுத்திறன் சோதனைகளில் குறைவாக மதிப்பெண் எடுப்பதும் அதே கூட்டாய்வில் பதிவாகியிருக்கிறது. பிரஷரை நன்றாகக் கட்டுக்குள் வைத்தால் சிறுநீரகம் கெடும் வேகமே குறைகிறது என்பதை 385 பிள்ளைகளை வைத்துச் செய்து 2009-இல் வெளியான ஐரோப்பிய ஆய்வு காட்டியது. எனவே மாத்திரையைக் கூட்டினார்கள். பிரஷர் பார்க்கக் கையில் சுற்றும் பட்டை பிள்ளையின் கைக்கு ஏற்ற அளவில் இருக்கிறதா என்று இப்போது நானே பார்த்துக் கேட்கிறேன். கைக்குப் பொருந்தாத பட்டையைச் சுற்றி எடுத்தால் எண் சரியாக வராது.

செப்டம்பரில் பரிசோதனை நடந்தது. நம் நாட்டுப் பிள்ளைகளுக்காக மாலின் என்பவர் தழுவி அமைத்த அறிவுத்திறன் அளவுகோலை வைத்துச் சோதித்தார்கள். உளவியலாளர் ஓர் இளம்பெண். தொடங்குவதற்கு முன் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, “நேத்து ராத்திரி எத்தனை தடவை எழுந்தான்?” என்பதுதான். மூன்று முறை. இந்தப் பிள்ளைகளின் சிறுநீரகத்தால் சிறுநீரைச் செறிவாக்க முடியாது. இரவும் பகலும் தண்ணீராகப் போய்க்கொண்டே இருக்கும், தூக்கம் துண்டு துண்டாகிவிடும். அதையும் குறித்துக்கொண்டு, ஒரே நாளில் முடிக்காமல் இரண்டு காலை வேளைகளில் பிரித்துச் செய்தார். எண்களைச் சொல்லித் திருப்பிச் சொல்லச் சொன்னபோது ஐந்து எண்களை வரிசையாகச் சொன்னானாம். அவற்றையே பின்னாலிருந்து முன்னால் சொல்லச் சொன்னபோது மூன்று எண்களிலேயே தடுமாறினான். சொற்களின் பொருளிலும் பொது அறிவிலும் வயதுக்கு ஏற்றபடி இருந்தான், சில இடங்களில் அதற்கும் மேலே. மொத்த மதிப்பெண் சராசரிக்குள். பள்ளம் முழுவதும் நினைவில் பிடித்துவைப்பதிலும் வேகத்திலும் கவனத்திலும்தான்.

மொத்த மதிப்பெண்ணை மட்டும் கேட்டுக்கொண்டு நிம்மதியாக வீட்டுக்கு வந்துவிடாதீர்கள் என்று இதே நிலையிலுள்ள பெற்றோரிடம் நான் சொல்வதுண்டு. ஒவ்வொரு பகுதியிலும் எவ்வளவு என்று கேட்டு எழுதி வாங்க வேண்டும். பள்ளியில் பேசுவதற்கு அந்த விவரம்தான் உதவும்.

பள்ளியில் பேசியது எளிதாக இல்லை. சிறுநீரக நோய் என்றால் மாற்றுத்திறனாளிச் சான்று கிடைக்கும், தேர்வில் கூடுதல் நேரம் தருவார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிட்டிருக்கும் 21 வகைகளில் நாள்பட்ட சிறுநீரக நோய் இல்லை. குறிப்பிட்ட கற்றல் குறைபாடு இருக்கிறது. ஆனால் என் மகனுக்கு எழுத்துகளை இனங்காண்பதிலோ வாசிப்பதிலோ குறையில்லை என்பதால் அந்தச் சான்றுக்கும் அவன் பொருந்தவில்லை. இரண்டு கதவுகளுக்கும் நடுவில் நிற்கும் பிள்ளை அவன். ஆகவே எல்லாம் வகுப்பாசிரியரின் நல்ல மனத்தைப் பொறுத்ததாகிவிட்டது. முதலில் பார்த்தவர், “இவனுக்கு மட்டும் செஞ்சா மத்தப் பிள்ளைங்க கேப்பாங்களே டீச்சர்” என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஓர் ஆண்டு முன்பு நானும் அதையே சொல்லியிருப்பேன்.

அடுத்த முறை வாயால் சொல்லாமல் கடிதமாக எழுதிக்கொண்டு போனேன். நோயைப் பற்றி இரண்டு வரி மட்டும். மீதி எல்லாம் வகுப்பறையில் செய்யக்கூடியவை: இரண்டாவது பெஞ்சுக்குப் பின்னால் உட்காரவைக்க வேண்டாம், ‘நோட்டை எடு, தேதி போடு, பாடத் தலைப்பு எழுது, நாற்பதாம் பக்கம் திற’ என்று ஒரே மூச்சில் சொல்வதைக் கரும்பலகையில் எழுதிவிட்டால் போதும், வீட்டுப் பாடத்தை அவன் குறித்துக்கொண்டானா என்று மணி அடிப்பதற்கு முன் ஒரு பார்வை, வாய்க்கணக்கில் விடை வரத் தாமதமானால் அடுத்த பிள்ளைக்குத் தாவுவதற்கு முன் பத்து நொடி. கரும்பலகையில் எழுதும் பழக்கத்தால் வகுப்பில் இன்னும் ஏழெட்டுப் பிள்ளைகளுக்கு நன்மை விளைந்தது என்று அந்த ஆசிரியரே பின்னால் சொன்னார். நானும் என் வகுப்பில் அதைச் செய்கிறேன்.

கடிதத்தின் கடைசி வரி கழிப்பறையைப் பற்றியது. அறிவு வளர்ச்சி பற்றிய பேச்சில் கழிப்பறை எங்கிருந்து வந்தது என்று தோன்றலாம். காலையில் நிரப்பிக் கொடுக்கும் தண்ணீர் பாட்டில் மாலையில் அப்படியே திரும்பி வந்துகொண்டிருந்தது. கேட்டுக் கேட்டுப் பார்த்ததில், ஒரு பாடவேளைக்குள் இரண்டு முறை அனுமதி கேட்டால் பையன்கள் சிரிக்கிறார்கள் என்பதால் தண்ணீரையே நிறுத்திவிட்டான் என்று தெரிந்தது. சிறுநீரைச் செறிவாக்க முடியாத பிள்ளை, சென்னையின் ஏப்ரல் வெயிலில், ஓட்டுக் கூரை வகுப்பறையில், தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருந்தால் பிற்பகலில் தலைவலியும் மயக்கமும் வராமல் என்ன செய்யும்? கிரியாட்டினினும் ஏறும். பிற்பகல் பாடங்களில் எழுதாமல் விட்ட பக்கங்களுக்குப் பாதிக் காரணம் இதுதான். கேட்காமலே எழுந்து போய் வரலாம் என்ற அனுமதி கிடைத்த வாரத்திலிருந்து பாட்டில் காலியாக வரத் தொடங்கியது. உப்பு விஷயமும் இப்படித்தான். சிறுநீரக நோய் என்றால் உப்பைக் குறை என்று உறவினர் ஒவ்வொருவரும் சொல்வார்கள். இவனைப் போலச் சிறுநீரில் உப்பை இழக்கும் பிள்ளைகளுக்கு டாக்டரே உப்பைக் கூட்டிக் கொடுக்கச் சொல்வதுண்டு. எந்தப் பிள்ளைக்கு எது என்பதை அந்தப் பிள்ளையின் டாக்டர்தான் சொல்ல வேண்டும், பக்கத்து வீட்டார் அல்லர்.

வீட்டில் செய்த மாற்றங்கள் சின்னச் சின்னவை. பாடம் படிப்பதை மாலையிலிருந்து விடியற்காலைக்கு மாற்றினோம். இருபது நிமிடத்துக்கு மேல் ஒரே இடத்தில் உட்காரவைப்பதில்லை. கழித்தல் கணக்கில், கடன் கொடுத்த எண்ணை உடனே அடித்து அதன் தலைமேல் புதிய எண்ணைச் சிவப்புப் பென்சிலால் பெரிதாக எழுத வேண்டும், அதன் பிறகுதான் அடுத்த வீட்டுக்குப் போக வேண்டும் என்று ஒரு சட்டம் போட்டேன். மனத்தில் தங்காததைத் தாளில் தங்கவைப்பது, அவ்வளவுதான். பத்து நாளில் 336 போய் 236 வந்தது. கடைக்குப் போகும்போது அவனே உள்ளங்கையில் பேனாவால் மூன்று புள்ளி வைத்துக்கொண்டு போகிறான்.

என் மாமியார் ஊரிலிருந்து வல்லாரை லேகியம் வரவழைத்துவிட்டார். “கிட்னிக்கும் மூளைக்கும் என்னம்மா சம்பந்தம்? ஞாபகசக்திக்கு இது போதும்” என்று அத்தை ஆசையோடு எடுத்து வைத்த டப்பாவைத் திருப்பித் தர எனக்கு மனம் வரவில்லை, அதைத் திறக்கவும் இல்லை. எந்த உலோகம் எவ்வளவு கலந்திருக்கிறது என்று தெரியாத லேகியமும் பஸ்பமும் கெட்ட சிறுநீரகத்துக்குப் போய்ச் சேர்ந்தால் வெளியேற வழியில்லை. டாக்டர் இதற்கு ஒரு பழைய கதை சொன்னார். 1970-களிலும் 80-களிலும், ரத்தத்தில் பாஸ்பேட்டைக் குறைப்பதற்காகச் சிறுநீரகம் செயலிழந்த குழந்தைகளுக்கு அலுமினியம் கலந்த மருந்தை மருத்துவர்களே கொடுத்தார்களாம். அந்த அலுமினியம் மூளையில் சேர்ந்து பேச்சும் அறிவும் குலைந்த பிள்ளைகளைப் பார்த்த பிறகுதான் அதைக் கைவிட்டார்கள். மருந்துக் கடையில் சீட்டு இல்லாமலே கிடைக்கும் வயிற்றெரிச்சல் டானிக்குகள் பலவற்றில் இன்றும் அலுமினியம் ஹைட்ராக்சைடு இருக்கிறது. லேபிளைப் படிக்கும் பழக்கம் எனக்கு அன்றிலிருந்து வந்தது. நினைவாற்றலைப் பெருக்கும் என்று விற்கும் சத்து மாவுகளையும் பாஸ்பரஸ், பொட்டாசியம் பார்த்தே வாங்க வேண்டும் என்பதால், வாங்குவதையே விட்டுவிட்டோம்.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எங்கள் தெருவில் மின்சாரம் இல்லாமல் இருந்தபோது, குளிர்சாதனப் பெட்டியில் 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்திருக்க வேண்டிய இரண்டு எரித்ரோபாய்ட்டின் ஊசிகளைப் பற்றித்தான் எனக்குக் கவலை. என் கணவர் முழங்கால் தண்ணீரில் நடந்துபோய், ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்த ஒரு மருந்துக் கடையில் கெஞ்சி அவற்றை வைத்துவிட்டு வந்தார். ஊசியை ஐஸ் கட்டியோடு நேரடியாக ஒட்டவைக்கக் கூடாது, உறைந்தால் கெட்டுவிடும் என்று அந்தக் கடைக்காரர்தான் சொல்லிக்கொடுத்தார். ஒரு மாத ஊசி தவறினால் ஹீமோகுளோபின் இறங்கும், அரையாண்டுத் தேர்வு நேரத்தில் அவன் மறுபடியும் சுவரில் சாய்ந்துகொள்வான். ஊசியும் படிப்பும் வேறு வேறு அல்ல என்பது அதற்குள் எங்களுக்குப் பழகிவிட்டிருந்தது.

இப்போது அவன் எட்டாம் வகுப்பு. உயரம் 139 சென்டிமீட்டர், கிரியாட்டினின் 2.3, வடிகட்டும் திறன் 25. மாற்றுச் சிறுநீரகம் பற்றி டாக்டர் பேசத் தொடங்கிவிட்டார். கொடுப்பவர் நானாக இருப்பேன். அதன் பிறகு நினைவும் கவனமும் தேறுமா என்று கேட்டேன். பல பிள்ளைகளுக்குத் தேறுகிறது, டயாலிசிஸில் நீண்ட காலம் காத்திருக்காமல் செய்துகொண்டால் நல்லது, ஆனால் எல்லாம் ஒத்த வயதினர் அளவுக்கு வந்துவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம் என்றார். எனக்கு அதைவிடப் பெரிய கவலை வேறொன்று. மாற்றுச் சிறுநீரகத்தைக் காக்கும் மாத்திரைகளை வாழ்நாள் முழுவதும் மணி தவறாமல் விழுங்க வேண்டும்; பதின்வயதில் மாத்திரையைத் தவறவிட்டுச் சிறுநீரகத்தை இழக்கும் பிள்ளைகள் நிறையப் பேர். மறதியும் திட்டமிட முடியாமையும்தான் இவனுடைய பலவீனம் என்று தெரிந்த பிறகு, பதினெட்டு வயதில் பொறுப்பை ஒரேயடியாகக் கையில் கொடுத்துவிட்டுக் கைகழுவ முடியாது. ஆகவே இரண்டு ஆண்டுகளாகவே மாத்திரைகளை ஞாயிறு இரவு அவனே எண்ணி ஏழு நாள் டப்பாவில் போடுகிறான். நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன், வாய் திறக்க மாட்டேன். முதல் மாதத்தில் பதினோரு பிழை. போன மாதம் ஒன்று, அதுவும் பைகார்பனேட் மாத்திரையில்.

சென்ற முறை டாக்டரிடம் போனபோது, கேட்க வேண்டியவற்றை அவன் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி எடுத்து வந்திருந்தான். முதல் கேள்வி கிரிக்கெட் விளையாடலாமா என்பது, இரண்டாவது ஊசியைத் தொடையில் போடாமல் கையில் போடலாமா என்பது. மூன்றாவதைப் படிக்காமலே எழுந்துவிட்டான், கதவருகே போனவன் சீட்டை மறுபடி பார்த்துத் திரும்பி வந்து, “பத்தாம் வகுப்புப் பரீட்சை 2028 மார்ச்ல வருது டாக்டர், ஆபரேஷன் அதுக்கு முன்னாடியா பின்னாடியா?” என்று கேட்டான். முடிந்தவரை முன்னால் என்றார் அவர். அதற்கும் முன்னால் ஒரு முறை உளவியல் பரிசோதனையைத் திரும்பச் செய்துவிட வேண்டும், அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவு கையில் இருக்கும் என்று சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்தார். நீலக் கோப்பின் கடைசி உறையில், 2022-ஆம் ஆண்டின் தாளுக்கும் பள்ளிக்கு எழுதிய கடிதத்தின் நகலுக்கும் பின்னால் அதை வைத்திருக்கிறேன். ஹீமோகுளோபின் 11-க்கு மேல் இருக்கும் ஒரு வாரமாகப் பார்த்துத் தேதி வாங்க வேண்டும்.